அஞ்சு படிக்கு மேல் விழுந்தால்

தில்லியில் ரோட்டில் ஒருத்தர் விழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை இங்கே பத்து வருஷம் குப்பை கொட்டிய எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். முதலில் கூட்டம். கூட்டத்தில் ஒருத்தர் கையில் தண்ணீர் பாட்டில். "பானி பிலாவ்" என்று ஒரு குரல், "உட்டாவ், உட்டாவ்" என்று இன்னொரு குரல். ஒருவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க, இன்னொருவர் கால் இரண்டையும் பிடிக்க, நடுவில் உடம்பு தூளி மாதிரி தொங்க, தலை பின்னால் சாய்ந்து ஆட, கிடைத்த ஆட்டோவிலோ போலீஸின் பிசிஆர் வேனிலோ ஏற்றியாகிவிடும். மொத்தமே மூன்று நிமிஷம்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் தூக்கவே ஆள் வராது. தூக்கினால் போலீஸ், கோர்ட்டு, சாட்சி என்று அலைய வேண்டும் என்ற பயம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உதவி செய்தவரைப் பெயர் சொல்லக்கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற வழிமுறைகளுக்குச் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அது ஏறியது. அதற்கும் வெகு முன்னால், 1989ல், பரமானந்த் கட்டாரா வழக்கில், அடிபட்டு வருபவரை எந்த ஆஸ்பத்திரியும் "இது போலீஸ் கேஸ்" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஆக, தூக்குகிற மனசும் வந்தாச்சு, சட்டமும் வந்தாச்சு. எப்படித் தூக்குவது, தூக்கிப் போனபின் ஆஸ்பத்திரியில் கழுத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். பி.காம். படித்த பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, வருகிறேன்.

கழுத்தில் ஏழு எலும்பு. (ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான். ஒவ்வொன்றும் சாண் நீளத்துக்கு மேல் ஓங்கி வளர்ந்திருக்கும், அவ்வளவுதான்.) அதன் நடுவில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு தண்டுவடம். மூளையிலிருந்து கைக்கும் காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகிற எல்லாக் கட்டளையும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். மூன்று, நான்கு, ஐந்தாம் எண் நரம்புகள் மூச்சை இழுக்கிற உதரவிதானத்தை ஆட்டுவிக்கின்றன. அதற்கு மேலே அறுந்தால் மூச்சே நின்றுபோகும். கீழே அறுந்தால் உயிர் இருக்கும், கையோ காலோ இருக்காது. அடிபட்டபோது எலும்பு மட்டும் உடைந்து நரம்பு தப்பித்திருக்கலாம். நாம் தப்பாகத் தூக்கும்போது அந்த உடைந்த எலும்பு நகர்ந்து நரம்பை அறுத்துவிடலாம். இந்தப் பயத்தில்தான், விபத்தில் அடிபட்ட எல்லோருக்கும் கழுத்தில் கெட்டி பிளாஸ்டிக் காலர், முதுகுக்கு அடியில் நீளப் பலகை, தலைக்கு இரண்டு பக்கமும் கட்டை, மேலே பெல்ட் என்று உலகம் முழுக்க ஆம்புலன்ஸ்காரர்களுக்குப் பல வருஷங்களாகச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கழுத்து என்றால் தில்லிக்காரர்களுக்கு ஒரு காலை நேரம் ஞாபகம் வரும். 2014 ஜூன் 3. மத்திய அமைச்சராகி எட்டே நாளான கோபிநாத் முண்டே விமான நிலையத்துக்குக் கிளம்பினார். லுட்யன்ஸ் தில்லியின் அகலமான, மரம் சூழ்ந்த ரோடு. காலை ஆறரை மணிகூட ஆகவில்லை, டிராஃபிக்கே கிடையாது. ஒரு ரவுண்டானா அருகே இன்னொரு கார் வந்து பக்கவாட்டில் மோதியது. பின் சீட்டில் இருந்தார், பெல்ட் போடவில்லை. உதவியாளரும் டிரைவரும் எய்ம்ஸ் டிராமா சென்டருக்குக் கொண்டு போனார்கள். பிழைக்கவில்லை. வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை, ஆனால் உள்ளே கழுத்தெலும்பும் கல்லீரலும் சிதைந்திருந்தன என்று அன்றைக்குச் செய்தி வந்தது. அன்று எங்கள் கிளையில் வேலையே ஓடவில்லை, எல்லோரும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். "ஒரு காலர் போட்டிருந்தால்..." என்று ஒருத்தர் ஆரம்பித்தார். கல்லீரல் கிழிந்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டும்போது காலர் என்ன செய்யும்? பின் சீட்டு பெல்ட் ஒருவேளை ஏதாவது செய்திருக்கும். (2022 செப்டம்பரில் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி போனதும் பின் சீட்டில், பெல்ட் இல்லாமல்தான். இன்றைக்கும் தில்லி டாக்சியில் பின் சீட்டு பெல்ட்டைத் தேடினால் சீட்டுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது.)

இப்போது அப்பா கதை.

2023 தீபாவளிக்கு அப்பா மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். வயது 76, ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். நாங்கள் இருப்பது மயூர் விஹாரில் டி.டி.ஏ. ஃபிளாட், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தீபாவளி முடிந்து நாலாம் நாள் சாயங்காலம், பால் வாங்க நானே போகிறேன் என்று கிளம்பியவர், இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் வழுக்கி ஏழெட்டுப் படி உருண்டு கீழே சுவரில் தலை மோதி விழுந்தார். சத்தம் கேட்டு நான் ஓடி இறங்குவதற்குள் எதிர் ஃபிளாட் சர்தார்ஜி, நல்ல மனுஷர், நல்ல பலசாலி, அப்பாவை அப்படியே தோளில் தூக்கிப் போட்டுக்கொள்ளக் குனிந்துவிட்டார்.

தடுத்தது முதல் மாடியில் இருக்கும் மலையாளி நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், ஹேண்ட்பேகைப் படியிலேயே போட்டுவிட்டு அப்பாவின் தலைமாட்டில் மண்டி போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையாலும் தலையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, "அங்கிள், அனங்காதீங்க, தலையை ஆட்டாதீங்க" என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொன்னார். "பாஜி, ஹாத் மத் லகானா" என்று சர்தார்ஜிக்கு ஒரு அதட்டல். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தப் பிடியை விடவில்லை. அவர் கை மரத்துப்போயிருக்கும், முகத்தில் காட்டவில்லை. மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் பையன்கள் பலகையில் வைத்து, காலர் மாட்டி, பெல்ட் போட்டு இறக்கினார்கள். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எமர்ஜென்சியில் கூட்டம். அப்பாவைப் பலகையோடு ஓரமாக நிறுத்தினார்கள். ஏழேகாலுக்கு உள்ளே போனவர் பத்து மணி தாண்டியும் அதே பலகையில்தான். அப்பாவுக்கு வயசான கூன் உண்டு. தட்டைப் பலகையில் கிடத்தினால் முதுகு வளைந்து நிற்கும், தலை பின்னால் தொங்கும். அதை நிமிர்த்த காலர் மோவாயை இடித்துத் தள்ளும். "டேய், எனக்கு அடிபட்ட இடத்துல வலிக்கல, இவங்க கட்டிவெச்ச இடத்துலதான் வலிக்குது" என்றார். கேட்டால் "புரோட்டோகால் ஹை சார்" என்று ஒரே பதில். பேங்க்கில் அதே வார்த்தையை நானும் தினம் நாலு பேரிடம் சொல்கிறவன், அதனால் சண்டை போட நாக்கு எழவில்லை.

பத்தரைக்கு ஒரு டியூட்டி டாக்டர் வந்தார். முப்பது வயசு இருக்கும், ஹரியானாப் பெண். வந்தவுடன் செய்த முதல் காரியம் நாலு பேரைக் கூப்பிட்டு அப்பாவை ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் புரட்டி, முதுகெலும்பை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்துவிட்டு, பலகையை உருவி எறிந்ததுதான். "பலகை தூக்கிவரத்தான், படுத்துக் கிடக்க இல்லை" என்றார். தலைக்கு அடியில் பெட்ஷீட்டை மடித்து வைத்தார், கூனுக்குத் தக்கபடி. காலர் அப்படியே இருந்தது. பிறகு கேள்விகளை ஆரம்பித்தார்.

இங்கேதான் சிக்கல். கேள்வியெல்லாம் ஹிந்தியில். அப்பாவுக்கு ஹிந்தி என்றால் "நஹி மாலூம்" மட்டும். "பாபாஜி, இன்னிக்கு என்ன கிழமை?" என்று கேட்டார், அப்பா விழித்தார். "கை கால் மரத்துப் போகுதா?" மறுபடி விழிப்பு. பக்கத்தில் இருந்த ஜூனியர் பேப்பரில் ஏதோ எழுதப் போனார். எட்டிப் பார்த்தேன், குழப்ப நிலை என்கிற மாதிரி ஒரு வரி. "மேடம், குழப்பமெல்லாம் இல்லை, பாஷைதான் தெரியாது" என்றேன். டாக்டர் அந்த வரியை அடிக்கச் சொல்லிவிட்டு, "நான் கேட்பதை மட்டும் சொல்லுங்கள், அவர் சொல்வதை மட்டும் சொல்லுங்கள், உங்கள் அபிப்பிராயம் வேண்டாம்" என்றார். ஒரு நல்ல ஆடிட்டர் பேசுகிற மாதிரி இருந்தது.

என்ன கிழமை என்று கேட்டேன். அப்பா கிழமை, தேதி, திதி மூன்றையும் சொன்னார். அடுத்து டாக்டர் கழுத்தின் பின்னால் நடு எலும்பை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார். "வலிக்குதான்னு கேளுங்க." கேட்டேன். "வலி கிலி ஒண்ணும் இல்லடா. இல்லைன்னு சொல்லு, கெளம்பலாம்" என்றார் அப்பா. வாய் அப்படிச் சொல்கிறது. ஆனால் மேலே, தலையோட்டுக்குக் கீழே, அவர் விரல் பட்ட இடத்தில் அப்பாவின் கண் ஓரம் ஒரு தடவை சுருங்கியது.

நேர்மையாகச் சொல்கிறேன், எனக்கும் கிளம்ப வேண்டும்போலத்தான் இருந்தது. மணி பதினொன்று, வீட்டில் அம்மா தனியாக அழுதுகொண்டிருக்கிறார், அப்பா படுகிற பாட்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. "நஹி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன் என்று இருந்துவிடலாம். "வலி இல்லை என்கிறார். வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்கிறார். ஆனால் மேலே அழுத்தியபோது முகம் மாறியது" என்று மூன்றையும் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். "நானும் பார்த்தேன். அவர் வயசுக்கு வலி இல்லை என்றாலும் சி.டி. எடுத்துத்தான் ஆக வேண்டும். அறுபத்தஞ்சுக்கு மேல், அஞ்சு படிக்கு மேல்" என்றார்.

அது என்ன கணக்கு என்று அப்புறம் தேடிப் படித்தேன். கனடாவில் ஐயன் ஸ்டீல் என்கிற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் 2001ல் வெளியிட்ட விதி அது. பத்து ஆஸ்பத்திரிகளில் 8,924 பேரைப் பார்த்து எழுதினார்கள். அதில் 151 பேருக்குக் கவலைப்படவேண்டிய கழுத்துக் காயம், அந்த 151 பேரையும் விதி பிடித்துவிட்டது. வயது 65 ஆகிவிட்டதா? மூன்றடி அல்லது ஐந்து படி உயரத்திலிருந்தாவது விழுந்தாரா, இல்லை வேறு ஆபத்தான முறையில் அடிபட்டாரா? கை கால் மரத்துப்போகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் படம் எடு. மூன்றும் இல்லையென்றால், நடந்து வந்தாரா, உட்கார்ந்திருக்கிறாரா மாதிரி ஆபத்துக் குறைவு என்று காட்டுகிற அடையாளம் ஒன்றாவது இருக்கிறதா என்று பார்த்து, கழுத்தைத் தானாகவே இடது வலது இரண்டு பக்கமும் 45 டிகிரி திருப்பச் சொல். திருப்பினால் காலரைக் கழட்டி வீட்டுக்கு அனுப்பு.

அதற்கு முந்தைய வருஷம், 2000ல், அமெரிக்காவில் நெக்ஸஸ் என்று இன்னொன்று. 21 ஆஸ்பத்திரி, 34,069 நோயாளிகள். அதில் ஐந்தே கேள்வி: கழுத்து நடு எலும்பில் அழுத்தினால் வலியா, குடித்திருக்கிறாரா, தெளிவாக இருக்கிறாரா, நரம்பு பாதிப்பு அறிகுறி உண்டா, கழுத்து வலியை மறக்கடிக்கிற மாதிரி வேறு பெரிய காயம் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் நல்லபடியாக இருந்தால் எக்ஸ்ரேகூட வேண்டாம். 818 பேருக்குக் கழுத்துக் காயம் இருந்தது, விதி தவறவிட்டது 8 பேரை. அதிலும் முக்கியமான காயம் இரண்டு பேருக்குத்தான்.

இரண்டு விதியிலும் பாதி, நோயாளி வாயைத் திறந்து சொல்வதில்தான் நிற்கிறது. "தெளிவாக இருக்கிறாரா" என்பதை டாக்டர் எந்த பாஷையில் முடிவு செய்வார்? மன்னார்குடியிலிருந்து தில்லிக்கோ டொராண்டோவுக்கோ பெற்றோரைக் கூப்பிட்டு வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே மொழிபெயர்க்கப் பிள்ளைகள் இல்லாமல் பேரக்குழந்தை மட்டும் இருந்தால் என்ன ஆகும்?

தேடப் போன இடத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1998ல் ஹாஸ்வால்ட் என்கிற அமெரிக்க டாக்டர் ஒரு வில்லங்கமான ஒப்பீடு செய்தார். நியூ மெக்சிகோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு வந்த 334 முதுகெலும்புக் காயக்காரர்கள், எல்லோரும் காலர், பலகை சகிதம் வந்தவர்கள். கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்கு வந்த 120 பேர், ஒருவருக்குக்கூட வழியில் எதுவும் கட்டவில்லை. ஐந்து வருஷக் கணக்கு. எல்லோரும் நினைப்பதற்கு நேர் எதிராக, நரம்பு பாதிப்பு மலேசியாவில்தான் குறைவாக இருந்தது! அந்த 120 பேரில் நம் ஆட்கள் எத்தனை பேரோ என்று யோசித்துக்கொண்டேன், எஸ்டேட் லாரியில் வந்து இறங்கியிருப்பார்கள்.

இதை வைத்து "கட்டவே வேண்டாம்" என்று துள்ளிக் குதிக்கக் கூடாது. பழைய ரெக்கார்டுகளைப் புரட்டி எழுதிய கணக்கு அது. அங்கே வழியிலேயே இறந்தவர்கள் கணக்கில் வரவில்லை, விபத்துகளும் ஒரே மாதிரி அல்ல. ஆனால் ஹாஸ்வால்ட் கேட்டது நியாயமான கேள்வி: எலும்பை உடைத்தது பெரிய வேகத்தில் வந்த விசை, அதற்குப் பிறகு ஸ்ட்ரெச்சரில் கொஞ்சம் அசைவதில் எவ்வளவு கெட்டுவிடும்? நினைவோடு இருப்பவர் வலித்த பக்கம் தானே அசைக்க மாட்டார், அவருடைய தசையே காலர் வேலையைச் செய்யும். 2001ல் காக்ரேன் ஆய்வாளர்கள், கட்டுவதால் நன்மை என்று காட்டும் முறையான சோதனை ஒன்றாவது உண்டா என்று தேடினார்கள். அடிபட்டவர்களை வைத்து ஒன்றுகூட நடந்திருக்கவில்லை. இத்தனை வருஷம், இத்தனை கோடி காலர், ஆதாரக் கோப்பு காலி! எங்கள் பேங்க்கில் இந்த லட்சணத்தில் ஒரு ஃபைலை வைத்தால் இன்ஸ்பெக்ஷனில் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார்கள்.

அதே சமயம் தீமைக்கு ஆதாரம் சேர்ந்துகொண்டே போனது. கெட்டி காலர் கழுத்து நாளங்களை அழுத்தி மண்டைக்குள் அழுத்தத்தைக் கூட்டும், தலையில் அடிபட்டவருக்கு அது நல்லதல்ல. வாயைத் திறக்க விடாது, மயக்க டாக்டர் மூச்சுக்குழாயில் டியூப் போடத் திணறுவார். வாந்தி எடுத்தால் உள்ளே போகும். பலகை சில மணி நேரத்திலேயே முதுகுத் தோலைப் புண்ணாக்கும். கத்திக்குத்து, துப்பாக்கிக் குண்டு பட்டவர்கள் 45,284 பேரின் கணக்கை 2010ல் அமெரிக்காவில் பார்த்தார்கள். கட்டிக்கொண்டு வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் போல இறந்தார்கள், கட்டாதவர்களில் ஏழு பேர். கட்டுகிற நேரத்தில் ரத்தம் ஓடிவிடுகிறது. 2013ல் அமெரிக்க அவசரகால மருத்துவ சங்கங்கள் பலகையை எல்லோருக்கும் போடாதே என்றன. 2018ல் வார்த்தையையே மாற்றினார்கள். "அசையாமல் கட்டு" போய், "அசைவைக் குறை" என்று ஆனது. யாராலும் முழுசாக அசையாமல் கட்ட முடியாது என்பதை ஒப்புக்கொண்ட வார்த்தை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து ஆம்புலன்ஸில் கெட்டி காலர் போய் மெத்தென்ற ஸ்பாஞ்ச் காலர் வந்தது.

கடன் கொடுக்கிற வேலையில் இருப்பவனுக்கு இது பழக்கமான அவஸ்தை. கொடுக்கக் கூடாதவனுக்குக் கொடுத்தால் வாராக்கடன். அது பேப்பரில் வரும், மெமோ வரும், பத்து வருஷம் கழித்துக்கூட விஜிலென்ஸ் கூப்பிடும். கொடுக்க வேண்டியவனுக்கு இல்லையென்று சொல்லி அவன் கடை மூடிப்போனால்? யாரும் கேட்கமாட்டார்கள், அதற்குக் கணக்குத் தலைப்பே கிடையாது. காலரும் அப்படித்தான். போடாமல் விட்ட ஒருவருக்குக் கால் போனால் டாக்டர் பெயர் டி.வி.யில் வரும். போட்டதால் முதுகு புண்ணான, மூச்சு முட்டின, நாலு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு அழுத ஆயிரம் கிழவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். அதனால்தான் "புரோட்டோகால் ஹை". அந்த ஹரியானா டாக்டர் பலகையை உருவினபோது தன் பொறுப்பில் ஒரு முடிவு எடுத்தார். காலரை விட்டுவைத்தபோதும் தன் பொறுப்பில்தான் இன்னொன்று எடுத்தார். ராத்திரி பதினோரு மணிக்கு, பின்னால் இருபது பேர் காத்திருக்கும்போது, இரண்டையும் பிரித்துப் பார்ப்பது லேசில்லை.

சரி, சி.டி. என்ன சொன்னது? கழுத்தின் இரண்டாவது எலும்பில், மேலே பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் அடியில், ஒரு விரிசல். வயதானவர்கள் சும்மா தடுக்கி விழுந்தாலே முறிகிற இடம் அதுதானாம். நகரவில்லை. நரம்பு தப்பியது. சர்தார்ஜி தோளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"ஆகியிருந்தால்" என்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நம்மூருக்கே போகலாம். தென்காசி பக்கம் ஆயக்குடி எஸ். ராமகிருஷ்ணன், இன்ஜினியரிங் மாணவராக இருந்தபோது, 1975 ஜனவரியில் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வின் உடல்திறன் சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே இயக்கம் போனவர். 1981ல் ஊரிலேயே அமர் சேவா சங்கம் ஆரம்பித்தார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை வைத்து. 2020ல் பத்மஸ்ரீ. அவரோடு சேர்ந்து அதை நடத்துகிற சங்கரராமன் தசைச் சிதைவு நோயோடு சக்கர நாற்காலியில் இருக்கும் ஆடிட்டர். (காமர்ஸ்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம் :-) காலர் என்றால் சட்டைக் காலர்.) வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே 1966ல் மறுவாழ்வு மையம் எழுந்ததும் அவரால்தான். தில்லியிலேயே வசந்த் குஞ்ஜில் இருக்கிற முதுகெலும்புக் காய மருத்துவமனையை உண்டாக்கிய மேஜர் அலுவாலியா 1965 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அதே வருஷம் காஷ்மீரில் குண்டு பாய்ந்து நாற்காலிக்கு வந்தார். இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில்லில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, இப்படி ஒன்று நம் நாட்டில் இல்லையே என்று நினைத்துத் திரும்பியவர். 2022 ஜனவரியில் காலமானார்.

இவர்கள் பெரிய மனிதர்கள். அவர்கள் அளவுக்குத் தெம்போ பணமோ இல்லாத வீடுகளில் அதே காயம் எப்படி இருக்கும் என்பதை, லோன் வசூலுக்குப் போன இடத்தில் ஒரு முறை பார்த்திருக்கிறேன். சீலம்பூரில் ஒரு இருட்டு அறை, கட்டிலில் ஒரு பையன், பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டு அம்மா. தவணை பற்றிப் பேச்சை எடுக்காமல் திரும்பினேன்.

அப்பாவுக்கு ஆபரேஷன் வேண்டாம், இந்த வயதில் அதுதான் பெரிய ரிஸ்க் என்றார்கள். பன்னிரண்டு வாரம் காலர். அது தனிக் கொடுமை. குனிந்து தட்டைப் பார்க்க முடியாது, தன் காலையே பார்க்க முடியாது, நடந்தால் மறுபடி விழுந்துவிடுவாரோ என்று நமக்குப் பயம். காபி விழுங்கச் சிரமம். பத்தாம் நாள் மோவாய்க்கு அடியில் புண். வயதானவர்களுக்கு இந்த மாதிரி முறிவில் காலர் அவசியமா, எத்தனை நாள் என்பதிலேயே டாக்டர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. ரிவ்யூவில் மெத்தென்ற காலராக மாற்றிக் கொடுத்தார்கள். பிப்ரவரியில் கழட்டினார்கள். பிறகு ஊருக்குப் போய்விட்டார், அங்கே வீட்டில் படியே கிடையாது.

முதல் மாடி நர்ஸிடம் ஒரு நாள் உட்கார்ந்து, மறுபடி இப்படி நடந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னது ரொம்பக் கொஞ்சம்தான். முதலில் மூச்சும் ரத்தமும், கழுத்து அதற்கப்புறம். தீ, தண்ணீர், ஓடுகிற வண்டி மாதிரி ஆபத்து பக்கத்தில் இருந்தால் கழுத்தைப் பற்றி யோசிக்காமல் இழுத்துவிடு. இல்லையென்றால் விழுந்த இடத்திலேயே விடு, தலையைப் பிடித்துக்கொள், நிமிர்த்தி உட்காரவைக்காதே, தண்ணீர் கொடுக்காதே, 112க்குப் போன் பண்ணு. அவரே எழுந்து நடந்து வந்தால் அமுக்கிப் படுக்கவைத்துச் சண்டை போடாதே. சர்தார்ஜியும் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சிரத்தையாகக் கேட்டார்.

நான் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். அப்பா ஊருக்குப் போவதற்கு முன்னால், அடுத்த தடவை வரும்போது உதவும் என்று, நாலைந்து ஹிந்தி வார்த்தைகளைத் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். தர்த் என்றால் வலி. சுன்ன் என்றால் மரத்துப்போவது. ஜுன்ஜுனி என்றால் ஊசி குத்துகிற மாதிரி சுரீர் சுரீரென்று இருப்பது. சக்கர் என்றால் தலைசுற்றல். ஹெட்மாஸ்டர் அல்லவா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம், "இதையெல்லாம் விடு, கழுத்துல மாட்டினதைக் கழட்டுங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

"பட்டா கோல் தோ."

"பட்டாவா? நம்மூர்ல அதை வாங்கத்தாண்டா நாலு வருஷமா தாலுகா ஆபீஸுக்கு அலையறேன்" என்றார்.